கவட்டெலும்பு

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்த செய்தி வந்த வாரமே, கல்லைக் கொழும்புக்கு அனுப்பிவிடுவது என்று தேவபிரசாதம் முடிவு செய்தார். ஜீவமணிக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"கொழும்புல இருந்து சனமெல்லாம் மூட்டையும் முடிச்சுமா இங்கன ஓடி வருது. நீங்க என்னடான்னா அங்கன அனுப்புதேன்னு நிக்கீங்க."

"இங்கன மட்டும் குண்டு விழாதுன்னு யாரு கண்டா? அச்சு எடுத்துட்டா ஒண்ணுக்கு ரெண்டாயிரும் ஜீவா. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்லா."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர். நாற்பதைத் தாண்டியவர், வகுப்பில்கூட அவர் சத்தம் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் மனைவி ஜீவமணி பெண்கள் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பேர் சம்பளத்தில் ஓடும் அமைதியான குடும்பம். அந்த அமைதிக்குள் நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்து சேர்ந்ததுதான் அந்தக் கல்.

கிடைத்தது அரியலூரில். ஜீவமணியின் அண்ணன் அங்கே ரயில் பாதைக்குக் கல் உடைக்கும் குவாரியில் மேஸ்திரி. கோடை விடுமுறையில் இருவரும் அங்கே போயிருந்தபோது, வேலையாட்கள் பிளந்த ஒரு சுண்ணாம்புக்கல் பாளம் புத்தகம் விரிவதுபோல இரண்டாக விரிந்தது. மேல் பாதி சில்லுச் சில்லாக உதிர்ந்துவிட்டது. கீழ்ப் பாதியில் ஒரு பிராணி ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தது. கோழி அளவுதான். "நோவாவோட கோழிடா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

குனிந்து பார்த்த தேவபிரசாதம் நெடுநேரம் நிமிரவில்லை. கோழிக்கு அவ்வளவு நீளத்தில் எலும்பு வால் கிடையாது. வாயில் பல்லும் கிடையாது. இதற்கு இரண்டும் இருந்தன. கைகள் குட்டையாக, மூன்று விரலும் கொக்கி நகமுமாக மடங்கிக் கிடந்தன. கால் மட்டும் அப்படியே கோழிக்கால்.

டைனோசார் என்ற பழங்காலத்து ஊர்வன இனத்தில் சிறியது அது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த இனத்துக்கும் பறவைக்கும் இடுப்பும் காலும் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்து, பறவைகள் அதன் வழியில் வந்தவை என்று ஒரு காலத்தில் சீமை ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். பிறகு வந்தவர்கள் அதை மறுத்துவிட்டார்கள். பறவையின் நெஞ்சில், கழுத்தடியிலுள்ள இரண்டு காறையெலும்புகளும் ஒன்றாக ஒட்டிக் கவட்டை போல நிற்கும். கோழி அறுக்கும் வீட்டில் எல்லோரும் கண்ட எலும்புதான். டைனோசாருக்கோ காறையெலும்பே கிடையாது. ஒரு வம்சத்தில் தொலைந்துபோன உறுப்பு திரும்ப முளைக்காது. ஆகவே பறவைக்கு மூதாதை வேறு ஏதோ என்று புத்தகங்களில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அரியலூர்க் கல்லில், கழுத்துக்குக் கீழே, ஒரு கவட்டெலும்பு இருந்தது.

அவர் கல்லைச் சாக்கில் சுற்றி, மடியில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு ரயிலில் ஊருக்குக் கொண்டுவந்தார். ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டுப் படம் பிடித்துப் பார்த்தார். எலும்பும் கல்லும் ஒரே நிறம். படத்தில் ஒரு வெள்ளைப் பாறைதான் விழுந்திருந்தது. ஆகவே ஜீவமணி வரைந்தாள். பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலோரம் கல்லை நிறுத்தி, சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரத்தில் வரைவாள். அவர் லென்சும் ஊசியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

"இது விரல். இந்த ஓரம் பாரு, ஒடிஞ்ச விலா. இந்த வளைவு இருக்கு பாத்தியா, இங்கன வந்து சேருது. இதான் அது."

ஊசி போன வழியே பென்சிலும் போகும். முன்கை நெடுகவும் மயிரிழைபோல நெருக்கமான கோடுகள் இருந்தன. அவை இறகின் தடம்தான் என்று நாளடைவில் இருவரும் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"பறக்க முடியாத கைக்கு இறகு என்னத்துக்கு?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"குளிருக்கா இருக்கும். பறக்கதெல்லாம் பொறவு வந்த யோசனை."

"அஞ்சாம் நாள் பறவை, ஆறாம் நாள் ஊர்வனன்னு வேதத்துல இருக்கு. நீங்க தலைகீழாச் சொல்லுதீங்க."

"அஞ்சாம் நாளு எம்புட்டு நீளம்னு அதுல போட்டிருக்கா?"

அவள் சிரித்துவிட்டாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் அவர்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசியது அந்த நாட்களில்தான்.

தேவபிரசாதத்துடன் கல்லூரியில் படித்த சுந்தர்சிங் அப்போது கொழும்பில் விலங்கியல் பேராசிரியர். விடுமுறையில் நாசரேத்துக்கு வந்தவர், அங்கே கொண்டுபோய்க் காட்டிய படத்தைப் பார்த்து அசந்துபோனார். "ஆனா படத்தை வச்சு ஒரு பயலும் நம்ப மாட்டான்டே. கல்லைக் கொண்டா. பாரிஸ் சாந்துல அச்சு எடுப்போம். அச்சு லண்டனுக்குப் போகட்டும், கல்லு உங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மண்டபம் வழியாக ரயிலில் கொண்டுபோனால் சோதனைச் சாவடியில் பெட்டியை உடைத்துக் கல்லையும் உடைத்துவிடுவார்கள் என்று தேவபிரசாதம் பயந்தார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தவருக்கு, ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததும் இனித் தள்ள முடியாது என்று தோன்றிவிட்டது.

கொழும்புக்கு உப்பும் கூரை ஓடும் ஏற்றிப்போகும் தோணி ஒன்றின் தண்டல் பர்னபாஸ். தோணியை நடத்திப்போகிற தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். அவருடைய மகன் தேவபிரசாதத்திடம் படித்தவன். அந்த மரியாதையில் கூலி வேண்டாம் என்றுவிட்டார். தேக்குப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே கல்லைப் படுக்கவைத்து ஆணி அடித்தார்கள். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"பாஸ்குப் பண்டிகைக்குள்ள திரும்பிருவேன் சார்வாள். பெட்டி எந்தலைமாட்டுலயே இருக்கும்."

பரீட்சை நேரம். தேவபிரசாதத்துக்குக் கூடப் போக முடியவில்லை.

பங்குனியில் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. காற்றே இல்லை. பாஸ்கு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் அன்று காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. மத்தியானத்துக்குள் செய்தி தூத்துக்குடிக்கு வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பாதி ஊர் வண்டி கட்டிக் கிளம்பிவிட்டது. திருச்செந்தூர்ப் பாதையிலும் திருநெல்வேலிப் பாதையிலும் கட்டில், பானை, ஆடு எல்லாம் வரிசையாகப் போயின. நாசரேத்துக்குப் போய்விடலாம் என்று ஜீவமணி சொல்லிப் பார்த்தாள். அவர் தினமும் கடற்கரைக்குப் போய் நின்றார். அவரை விட்டுப் போக மனமில்லாமல் அவளும் தங்கிவிட்டாள்.

தோணி வந்து சேர்ந்தபோது பக்கப் பலகை பிளந்து, சாக்கை வைத்து அடைத்திருந்தார்கள். பர்னபாஸின் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை.

"கொழும்பு கண்ணுக்குத் தெரியுது சார்வாள். காத்து செத்து அங்கனயே கெடந்தோம். காலம்பற பாத்தா ஆகாசத்துல ஏரோப்பிளான், ஈ மொய்ச்ச மாதிரி. பொறவு ஒரே பொகை. பாயைத் திருப்பிக் கரையை ஒட்டியே ஊர்ந்து ஊர்ந்து வந்துட்டோம். இனிப் பயமில்லன்னு நெனைச்சேன். ஊருக்கு எதுத்த வான் தீவு கிட்ட வாரோம், கலங்கரை வெளக்கு எரியல. ஊர்லயும் ஒரு வெளக்கு இல்ல. எல்லாத்தையும் அணைக்கச் சொல்லி உத்தரவாமே, எங்களுக்கு எப்படித் தெரியும்? பாறையில ஏறிட்டோம்."

"பெட்டி?"

பர்னபாஸ் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "மொதல்ல ஓடெல்லாம் கடல்ல போட்டோம். பொறவு உப்பு மூடை. தோணி அசையல. பலகை விரியுது, தண்ணி ஏறுது. கனமா இருந்ததெல்லாம் போட்டாத்தான் மெதக்கும்னு... எட்டுப் பேரு உசுரு சார்வாள்."

தேவபிரசாதம் அவருடைய தோலுரிந்த உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு, "நீரு செஞ்சதுதான் சரி. கல்லுக்காக ஆளு சாகப்படாது" என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது. திரும்பி நடந்தபோதுதான் கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் ஒரு கயிற்றில் தடுக்கி விழப்போனார்.

பர்னபாஸ் பின்னாலேயே ஓடிவந்தார். "எடம் எனக்குத் தெரியும் சார்வாள். கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துக்குள்ளதான். நம்ம செபாஸ்டின் முங்கி எடுத்துருவான்."

செபாஸ்டின் பர்னபாஸின் தங்கை பிளாரன்ஸின் புருஷன். முத்துக் குளிப்பு நின்றுபோய் வருஷக்கணக்காகியிருந்தது. இப்போது சங்குக்கு முங்கிக்கொண்டிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் நிற்பதில் அவனுக்கு ஈடு அந்தக் கரையில் இல்லை என்பார்கள்.

ஆனால் துறைமுகத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் படகு போகக்கூடாது என்று கடற்படை தடை போட்டிருந்தது. அது தளர்வதற்குள் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிக் கடல் கலங்கிவிட்டது. கச்சான் ஓய்ந்ததும் ஐப்பசி மழை. இப்படியே போய், மறு மாசியில்தான் தண்ணீர் தெளிந்தது.

அன்று காலையில் பர்னபாஸின் வள்ளத்தில் மூன்று பேரும் போனார்கள். மாதா கோவில் முகப்பையும் துறைமுகத்துக் கம்பத்தையும் ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவந்து பர்னபாஸ் நங்கூரம் போட்டார். செபாஸ்டின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கனத்த கல்லில் ஒரு காலை வைத்து இறங்கினான். கயிறு சரசரவென்று ஓடி நின்றது. தேவபிரசாதமும் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவரால் பாதி நேரம்கூடத் தாங்க முடியவில்லை.

முதல் முறை உடைந்த ஓடு வந்தது. "இதே எடந்தாம்லே!" என்று பர்னபாஸ் கத்தினார். அடுத்து ஒரு தேக்குப் பலகை, புழு துளைத்துச் சல்லடையாக. அதற்கும் அடுத்து, செபாஸ்டின் மார்போடு அணைத்தபடி ஒரு கல்துண்டைக் கொண்டுவந்தான். மேலெல்லாம் பாசியும் சிப்பியும். தேவபிரசாதம் நகத்தால் சுரண்டினார். சின்னச் சின்னக் கண்ணிகளாக எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன.

"வால்" என்றார். "இது வாலு. பாக்கி?"

"பாறை இடுக்குல ஒரு பட்டைக்கல்லு சொருகிக்கிட்டு நிக்கு சார்வாள். கையால தடவினேன். மேடும் பள்ளமுமா வரி வரியா இருக்கு. இழுத்தா அசைய மாட்டேங்குது."

அவன் மறுபடி இறங்கினான். மறுபடியும். மேலே வந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் வந்தது. கடல்தண்ணீரில் கழுவிக்கொண்டு, "அசைஞ்சிட்டு. இன்னும் ஒரு தடவ போனா வந்துரும்" என்றான்.

பர்னபாஸ் தேவபிரசாதத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தார் தேவபிரசாதம். கீழே பத்துப் பாகத்துக்குள், ஒரு கை எட்டும் தூரத்தில் அது இருந்தது. அவர் கையிலிருந்த வால் துண்டைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தார். சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். கல்லில் காலை வைத்து இறங்கிவிட்டான்.

கயிறு அசையவேயில்லை. பர்னபாஸ் மாதாவைக் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு கயிறு ஒரு முறை துடித்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். செபாஸ்டின் வெறுங்கையோடு வந்தான். காதிலிருந்து இரத்தம் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வள்ளத்தில் விழுந்து கிடந்து, இருமி, கடைசியில் சொன்னான்:

"அசைஞ்சுது சார்வாள். ஆனா எங்கைக்கு வரல. வழுக்கி உள்ளாற போயிட்டு. பிளவு எம்புட்டு ஆழம்னு தெரியல. கையை விட்டா முடிவே இல்ல."

"போதும்" என்றார் தேவபிரசாதம். "போதும்பா." அவன் தலையைத் திருப்பி, மற்றக் காதைக் காட்டி, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டான்.

அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. முங்கினால் தலை சுற்றியது. சங்குக் குளிப்பை விட்டுவிட்டு உப்பளத்தில் ஓலைப்பெட்டியில் உப்புச் சுமக்கப் போனான். தேவபிரசாதம் அவன் வீட்டுக்கு அடிக்கடி போனார். போகும்போதெல்லாம் ஏதாவது வாங்கிக்கொண்டு போனார். பிளாரன்ஸ் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. "அந்தக் கல்லு கெடைச்சுதா சார்வாள்?" என்று மட்டும் கேட்பாள். கிடைக்காது என்பது அவளுக்குப் புரியவில்லையா, புரிந்துதான் கேட்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அந்தத் தெருவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

கோடை விடுமுறைகளில் அரியலூருக்குப் போய்ப் பார்த்தார். கல் கிடைத்த பக்கம் முழுவதையும் வெட்டி எடுத்திருந்தார்கள். அந்தக் கல்லெல்லாம் எங்கோ தண்டவாளத்துக்கு அடியில் கிடந்தது. குழியில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. ஜீவமணியின் அண்ணனும் வேறு குவாரிக்கு மாறிப் போயிருந்தார். வெயிலில் சுற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி, சிப்பியும் நத்தையும் பதிந்த கற்களைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினார். அந்த மாதிரிக் கல் அங்கே வண்டி வண்டியாகக் கிடைக்கும்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் சுந்தர்சிங் வந்தார். தலை நரைத்திருந்தது. காபி ஆறிப்போகும் வரை லென்சை வைத்து வால் துண்டைப் பார்த்தார். படத்தை அதைவிட அதிக நேரம் பார்த்தார்.

"வால் ஊர்வனவோட வாலுதான். சந்தேகமில்ல. ஆனா வாலை வச்சு என்னத்தைச் சொல்ல?"

"கவட்டெலும்பு படத்துல இருக்குல்லா."

"படத்துல இருக்கு." சுந்தர்சிங் லென்சை மடக்கினார். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. ரெண்டு விலா ஒடிஞ்சு நுனி ஒட்டிக் கெடந்தாலும் இப்படித்தான் தெரியும். நீ அது இருக்கணும்னு நெனைச்சுப் பாத்தவன். தங்கச்சி தானாப் பாத்து வரைஞ்சுதா, நீ காட்டினதை வரைஞ்சுதா?"

"அவ கண்ணு என் கண்ணை விட நல்ல கண்ணு."

"அதுக்குத்தாம்டே கேக்கேன்."

தேவபிரசாதத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நண்பனைப் பஸ் ஏற்றிவிட்டுத் தனியே திரும்பினார். இவனுக்கு என்ன தெரியும், இவன் கல்லைக் கண்ணால் கண்டானா என்று வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டார். கண்ணை மூடி அந்த எலும்பை நினைத்துப் பார்த்தார். தெளிவாக வந்தது. ஆனால் வந்தது கல்லில் இருந்த எலும்பு அல்ல. ஜீவமணியின் பென்சில் கோடு. மறுபடி முயன்றார். மறுபடியும் பென்சில் கோடுதான் வந்தது.

வீட்டில் ஜீவமணி ரேஷன் அரிசியைச் சுளகில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஜீவா, அந்தக் கவட்டெலும்பை நீயாப் பாத்தியா? இல்ல, நான் சொன்னதுக்குப் பொறவு பாத்தியா?"

அவள் கை நின்றது. உடனே பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் நம்பியிருப்பார். அவளோ பொய் சொல்லிப் பழகாதவள். நினைவைத் தேடிப் பார்த்தாள்.

"கல்லுல ஒரு வளைவு இருந்துச்சு. அது எலும்புன்னு நீங்க ஊசியை வச்சுக் காட்டின பொறவுதான் எனக்கு எலும்பாத் தெரிஞ்சுது. பொறவு அதை எலும்பாத்தான் வரைஞ்சேன்."

"சரி."

"அதுக்காக அது எலும்பு இல்லன்னு ஆயிருமா?"

"இல்ல. சரிதான்."

அவர் எழுந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளும் எழுந்தாள். சுளகைத் தள்ளி வைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள்.

"இங்க பாருங்க. கையில இருந்த கோடுகளை நீங்க காட்டல. நாந்தான் மொதல்ல பாத்தேன். இதென்ன இறகு மாதிரின்னு உங்களைக் கூப்பிட்டதே நாந்தான். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரல."

"வேரோடின தடமா இருக்கும் ஜீவா. சுண்ணாம்புக்கல்லுல வேரு அப்படித்தான் ஓடும்."

"வேரு இப்படி வரிசையா, ஒரே சாய்வா ஓடுமா?"

அதன் பிறகு அந்த வீட்டில் கல்லைப் பற்றிய பேச்சு எழவில்லை. வால் துண்டைப் பள்ளியின் காட்சி அலமாரியில், பவளத்துக்கும் சங்குக்கும் பக்கத்தில், பெயர்ச் சீட்டு இல்லாமல் வைத்தார். ஜீவமணி படங்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். அடுத்த மழையில் பரண் ஒழுகியது. அவர் ஏறிப் பார்க்கவில்லை.

ஆனியில் பள்ளி திறந்தது. ஊர்வன பாடம் முடிந்து பறவைப் பாடம் வந்தது. முன்பெல்லாம் அந்தப் பாடத்துக்குக் கோழி எலும்புகளைக் கம்பியில் கோத்து வகுப்புக்குக் கொண்டுவருவார். ஒவ்வோர் எலும்பாகத் தொட்டுச் சொல்ல இரண்டு நாள் பிடிக்கும். இந்த முறை வெறுங்கையோடு வந்தார். டைனோசார்களுக்குக் காறையெலும்பு கிடையாது, ஆகவே பறவைகள் அவற்றிலிருந்து தோன்றியிருக்க முடியாது என்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தார். எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வகுப்பு எழுதி முடிக்கும் வரை ஜன்னலோரம் நின்றார். பிறகு பக்கத்தைத் திருப்பி, பாலூட்டிகள் பாடத்தைத் தொடங்கினார்.